டைல்ஸ் மேற்பரப்பில் குறையா?

வீட்டுக்கடன் பெற்றுக் கட்டிய இல்லத்தில், புதிதாகப் பதித்த டைல்ஸில் ஊசித்துளையோ சிறு பெயர்ச்சியோ கண்டால் மனம் நோகும். அதன் பளபளப்பு வண்ணப்பூச்சு அன்று. 1,000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருகிப் படிந்த கண்ணாடிப் படலம். சூளைக்கூடத்தில் துளையை மெருகுக் கலவையால் நிரப்பி மீண்டும் சுடலாம். அப்போதும் நிறம் மாறுவதுண்டு. பதித்த பின்போ அவ்வழி இல்லை.

தூசும் ஈரமும் போக்கி, நிறம் சேர்த்த எப்பாக்சியை நிரப்பி, இறுகுமுன் பிளேடால் மட்டப்படுத்துவதே வீட்டில் இயல்வது. அது கண்ணாடிக்கு ஈடாகாது. வெயிலில் மஞ்சளாகும், அடுப்பின் அனலையும் தாங்காது. வலைபோல் மயிரிழை விரிசல் படர்ந்திருந்தால் நிரப்பிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

பதிக்குமுன் ஒவ்வொன்றையும் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். பதித்தபின் கூறும் புகாரை விற்பனையாளர் பலர் ஏற்பதில்லை. அதே தொகுப்பு எண்ணுள்ள சில டைல்ஸைக் கையிருப்பாக வையுங்கள்; அடுத்த தொகுப்பின் நிறம் சற்றே வேறுபடக்கூடும்.