வெப்பத்துக்குக் கதவடைப்போம்

கடந்த தீபாவளி முடிந்து நான்காவது நாள். ஸ்ரீ கெம்பாங்கானில் எங்கள் வரிசை வீடுகளில் காலை பத்து மணிக்கு மின்சாரம் தடைபட்டது. அம்மாவின் உறைபெட்டியில் 300 கறிபாப் இருந்தன. மறுநாள் ஒரு குடும்பத்தின் திறந்த இல்ல உபசரிப்புக்காக நானும் அம்மாவும் நள்ளிரவு வரை உட்கார்ந்து மடித்தவை அவை.

அன்று நான் ஒரு தவறு செய்தேன். அரை மணிக்கு ஒரு முறை கதவைத் திறந்து, கைப்பேசி வெளிச்சத்தில் கறிபாப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். "சும்மா சும்மா திறக்காதேம்மா" என்று அம்மா சொன்னது காதில் ஏறவில்லை. இரவு ஒன்பது மணிக்கு மின்சாரம் வந்தபோது மாவு இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. உள்ளே இருந்த உருளைக்கிழங்குக் கறி எத்தனை மணி நேரம் குளிரில்லாமல் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் அம்மா குப்பையில் கொட்டினார். 300 வெள்ளி நட்டம். "காசு போனா போகுது. சொன்ன நாளுக்குக் கொடுக்க முடியலையே" என்பதுதான் அவரது கவலை.

இதில் வெட்கம் என்னவென்றால், படிவம் நான்கு இயற்பியலில் வெப்பம் பற்றிய பாடத்தை மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். உள்ளுறை வெப்பத்தின் சூத்திரம் தெரியும். வீட்டில் இருக்கும் பெட்டிக்குள் அதைப் பார்க்கத் தெரியவில்லை. எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டவர் தாத்தாதான்.

"எங்க தோட்டத்துல அப்போ ஏது கரண்டு? லாரியில ஐஸ் பாளம் வரும். கடைக்காரர் மரத்தூள்ல புதைச்சு, மேல சாக்கைப் போட்டு மூடிடுவார். மறுநாளும் அதைச் சீவி ஐஸ் கெப்பால் விற்பாரு" என்றார் அவர். மரத்தூள் குளிரை உண்டாக்காதே, பிறகு எப்படி என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல் என்னைச் சென்னைக் கடற்கரைக்குக் கொண்டுபோனது.

சென்னையில் மெரினா கடற்கரைக்கு எதிரே, திருவல்லிக்கேணியில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறது. 1897-இல் சுவாமி விவேகானந்தர் சில நாள் தங்கியதால் அந்தப் பெயர். ஆனால் அந்தக் கட்டடம் முதலில் கட்டப்பட்டது பனிக்கட்டிக்காக! 1842-இல் எழுந்த அந்தக் கிடங்கின் பெயரால் அப்பகுதியை மக்கள் இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்கிறார்கள்.

பனிக்கட்டி வந்தது அமெரிக்காவிலிருந்து. போஸ்டன் வணிகரான பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்துபோகும் குளங்களிலிருந்து பனியைப் பாளம் பாளமாக அறுத்து வெப்ப நாடுகளுக்கு விற்றவர். 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் சுமார் 180 டன் பனிக்கட்டியோடு போஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து, நான்கு மாதம் கழித்துப் போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 டன் கரையாமல் மிஞ்சியிருந்தது. அந்த வெற்றிக்குப் பிறகே பம்பாய்க்கும் மதராசுக்கும் பனிக்கட்டி வந்தது. நமக்கு அருகே சிங்கப்பூரிலும் 1854-இல் 'வாம்போவா' என்று அழைக்கப்பட்ட வணிகர் ஹூ ஆ கே பனிக்கட்டிக் கிடங்கு அமைத்தார். அங்கே அந்த வணிகம் நிலைக்கவில்லை. பின்னர் நீராவி இயந்திரத்தால் உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்ய முடிந்ததும் கப்பல் வணிகம் முடிவுக்கு வந்தது.

ஒரு துளி மின்சாரம் இல்லாமல் நான்கு மாதம் எப்படித் தாங்கியது? மூன்று காரணங்கள்.

முதலாவது, உள்ளுறை வெப்பம். 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனிக்கட்டி முழுதாக உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பம் ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து கிட்டத்தட்ட 80 டிகிரிக்குச் சூடாக்கிவிடும். பனிக்கட்டி அவ்வளவு வெப்பத்தை விழுங்கிக்கொண்டே அதே குளிரில் நிற்கிறது.

இரண்டாவது, பருமன். ஒரு மீட்டர் கனசதுரப் பாளத்தின் மேற்பரப்பு 6 சதுர மீட்டர். அதையே 10 சென்டிமீட்டர் கட்டிகளாக வெட்டினால் 1,000 கட்டிகள், 60 சதுர மீட்டர். வெப்பம் நுழைய வழி பத்து மடங்காகிறது. அதனால்தான் பாளங்களை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கினார்கள்.

மூன்றாவது, மரத்தூள். அதன் துகள்களுக்கு இடையே சிக்கிக்கொள்ளும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது.

ஆகவே குளிர் என்பது நாம் பெட்டிக்குள் ஊற்றும் பொருள் அல்ல. வெப்பம் உள்ளே வராமல் தடுத்தால், இருக்கும் குளிர் தானே தங்கும். உறைபெட்டியின் இயந்திரம் செய்வதும் உள்ளே புகுந்த வெப்பத்தை வெளியே இறைக்கும் வேலைதான். புகும் வெப்பம் குறைந்தால் மின்கட்டணமும் குறையும்.

இயற்கைக் குளிர் உள்ள இடங்களில் இந்த வேலை இன்னும் எளிது. அலாஸ்காவின் உட்கியாக்விக் ஊரில் பழங்குடி மக்கள் உறைநிலத்தைத் தோண்டி, அந்த நிலவறையில் திமிங்கில இறைச்சியை வைக்கிறார்கள். நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-இல் திறக்கப்பட்ட உலக விதைக் கிடங்கு ஒரு மலைக்குள் இருக்கிறது. அங்கே பாறையே உறைநிலைக்குக் கீழே இருப்பதால், மீதிக் குளிருக்கு மட்டும் மின்சாரம் செலவழித்து மைனஸ் 18 டிகிரியில் விதைகளைக் காக்கிறார்கள். ஆனால் பூமி சூடேறுவதால் அலாஸ்காவின் நிலவறைகள் சில இளகத் தொடங்கிவிட்டன.

நம் நாட்டில் கேமரன் மலையில்கூடத் தண்ணீர் உறைவதில்லை. வெப்பத்தைத் தடுக்கும் வழிகளோ நமக்கும் பொதுவானவை. எங்கள் வீட்டில் என்னென்ன மாற்றினோம் தெரியுமா?

கதவு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தோம். தடையில்லாமல் வந்துவிட்டது. கதவின் ரப்பர் விளிம்பு தளர்ந்திருந்தது, அதை மாற்றினோம். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியை நகர்த்தினோம். காலி இடத்தை உப்புநீர்ப் புட்டிகளால் நிரப்பினோம். வெறும் தண்ணீர் 0 டிகிரியில்தான் உருகும், அதற்குள் கறிபாப் இளகிவிடும். ஒரு லிட்டர் நீருக்கு 100 கிராம் உப்பு கலந்தால் ஏறக்குறைய மைனஸ் 6 டிகிரிக்குள்ளேயே உருகி, முன்கூட்டியே வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். உறையும்போது விரியும் என்பதால் புட்டியில் கொஞ்சம் இடம் விட வேண்டும். யாரும் குடித்துவிடாமல் பெயர் எழுதி ஒட்டுவதும் அவசியம்.

மின்தடையின்போது கதவைத் திறக்காவிட்டால், நிறைந்த உறைபெட்டி சுமார் 48 மணி நேரமும் பாதி நிறைந்தது சுமார் 24 மணி நேரமும் உணவைக் காக்கும். குளிர்பதனப் பெட்டியின் கீழ்ப்பகுதிக்கு நான்கு மணி நேரம்தான். மின்சாரம் வந்த பிறகு உணவில் பனித்துகள் இன்னும் இருந்தால் மீண்டும் உறைய வைக்கலாம். 4 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கும் அதிகமாக இருந்த இறைச்சி, பால், சமைத்த உணவு ஆகியவற்றை எறிந்துவிடுவதே நல்லது. முகர்ந்து பார்த்து முடிவு செய்யக்கூடாது.

மார்ச் மாதம் மறுபடியும் மின்சாரம் போனது. இந்த முறை ஏழு மணி நேரம். அம்மா பெட்டியின் மேல் ஒரு பழைய கம்பளியைப் போர்த்தினார். (மின்சாரம் வந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். இயந்திரத்துக்குக் காற்றோட்டம் தேவை.) நான் கதவின் பக்கமே போகவில்லை. "மரத்தூளுக்குப் பதிலா கம்பளியா?" என்று சிரித்தார் தாத்தா. மாலையில் திறந்தபோது கறிபாப் கல்லாக இருந்தது. அம்மா மறுநாள் சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மாணவர்களே, இன்று இரவு உங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளைச் செருகி இழுத்துப் பாருங்கள். பாடநூலில் படித்த வெப்பம் வீட்டுக்குள் எந்த வழியாகப் புகுகிறது என்று கண்கூடாகத் தெரியும்.