ஒட்டுக்கேட்ட அரசு

1953 ஜூன் 17 அன்று கிழக்கு ஜெர்மனியில் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தது, ரகசியக் காவல் துறையான ஸ்டாசிக்குப் பேரதிர்ச்சி. அதன்பின் மக்களின் மனநிலையை அறிக்கையாக்கித் தலைமைக்கு அனுப்புவது அதன் வாடிக்கையானது. 1989இல் ஸ்டாசியில் சுமார் 91,000 முழுநேர ஊழியர்கள். ரகசியத் தகவலாளிகளோ 1,70,000க்கும் மேல். மக்களின் குறையை அரசு அறிவது நல்லதுதானே என்று கேட்கலாம். 1977இல் காப்பித் தட்டுப்பாட்டின்போது வந்த மலிவான கலவைக் காப்பித்தூள்மீது எழுந்த வெறுப்பும் அறிக்கையில் ஏறியது உண்மையே. ஆனால், உரக்கக் குறை சொன்னவர்மீதே சந்தேகம் விழுந்தது. பற்றாக்குறையின் வேர் அப்படியே இருந்தது. இவ்வளவு ஒட்டுக்கேட்டும் அரசால் தன்னைக் காத்துக்கொள்ள முடியவில்லை; 1989 நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்தது. ஒட்டுக்கேட்பது வேறு, செவிசாய்ப்பது வேறு. மக்கள் அச்சமின்றிப் பேசும் நாட்டில்தான் அரசின் காதுக்கு உண்மை எட்டும்.