பூசணம் பிடித்த கடலையை மாட்டுக்கும் வைக்காதீர்கள்

சம்பா அறுவடை முடிந்ததும் திருவாரூர் வட்டாரத்து மேட்டுப் பாங்கான வயல்களில் எள்ளும் நிலக்கடலையும் விதைப்பவர்கள் உண்டு. மகசூல் களத்துக்கு வரும்போது கோடைமழை பிடித்துக்கொண்டால், அரைகுறையாகக் காய்ந்த மூட்டைக்குள் பூசணம் ஏறிவிடும். வீணாக்க மனமில்லாமல் அதைச் செக்குக்கோ மாட்டுத் தொட்டிக்கோ அனுப்பிவிடுகிறோம். இந்த வழக்கம் நிற்க வேண்டும்.

என்ன ஆபத்து?

ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பச்சைமஞ்சள் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கக்கூடியது. 1960இல் இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்குத் தீவனம் தின்ற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோதுதான் இந்த நஞ்சு பிடிபட்டது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்ட 100 பேருக்கு மேல் இறந்தார்கள். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் இந்த நஞ்சு, வறுத்தாலும் முழுதாக அழியாது. ஆட்டும்போது பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கும்; செக்கெண்ணெயிலும் ஓரளவு கலக்கும். புண்ணாக்கைத் தின்ற பசுவின் பால் வழியே குழந்தைக்கும் வந்து சேரும்.

பூஞ்சையிலிருந்து நொதி எடுக்கிறார்களே?

பூஞ்சைகள் சுரக்கும் லிப்பேஸ் நொதி கொழுப்பை உடைப்பதால்தான் கெட்ட வித்தில் சிக்கு வாடை வீசுகிறது. அந்தத் திறன் தொழிலுக்கும் உதவுகிறது. சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தார், எள்ளுப் புண்ணாக்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரை வளர்த்து லிப்பேஸ் எடுத்த ஆய்வை 1998இல் வெளியிட்டனர். ஆனால் ஆய்வகத்தில் வளர்வது தேர்ந்தெடுத்த பூஞ்சை. புண்ணாக்கு கிருமி நீக்கியது. ஈரமும் வெப்பமும் அளவுக்குள் இருக்கும். நம் மூட்டையில் தானாக வளர்வது எது என்று கண்ணால் சொல்ல முடியாது.

தடுக்கும் வழி

* விதைக்குமுன் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து விதைநேர்த்தி செய்யுங்கள்.
* கடலையைத் தார்ப்பாயில் பரப்பி, ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு மேல் போகாதபடி உலர்த்துங்கள்.
* மூட்டைகளைச் சுவரில் ஒட்டாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள்.
* உடைந்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்பைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள்.
* செக்கு நடத்துவோர் எண்ணெயை அவ்வப்போது ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உரிமை

உடனே உண்ணும் கடலையில் அஃப்ளாடாக்சின் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006இன் 40ஆம் பிரிவுப்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். பொருள் விதிக்குப் புறம்பானது என்றால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பாதுகாப்பற்ற உணவால் உடல்நலம் கெட்டால் 65ஆம் பிரிவுப்படி இழப்பீடு உண்டு. உயிரிழப்பு என்றால் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. ரசீதை மறக்காமல் வாங்கி வையுங்கள். மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணிலும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் செய்யலாம். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

களத்தில் காயவைக்க இடமில்லாத விவசாயியை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ஊருக்கு ஓர் உலர்களமும், விற்பனைக்கூடத்தில் ஈரப்பதமானியும் வேண்டும் என்று ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுங்கள். வாங்குகிறவர்களும் சேர்ந்து கேட்டால் அந்தக் குரலுக்கு வலு கூடும்.