அச்சுக்கு வரைந்தவர்: கோவில்பட்டி கொண்டையராஜு

பனியன் துணியில் படம் அச்சிடும் பட்டறைகளில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்று சட்டங்கள் வரிசையாக இருக்கும். மூன்று நிறப் படம் என்றால் துணி மூன்று முறை மை வாங்க வேண்டும். இரண்டாவது சட்டம் ஒரு நூலளவு விலகினாலும் பூவின் சிவப்பு கோட்டைத் தாண்டிவிடும். திருப்பூர்ப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு இது வீட்டுப் பேச்சு. ஓவியப் பாடவேளையில்தான் இதற்கு இடமில்லை. ஓவியம் என்றால் கண்காட்சியில் மாட்டுவது, அச்சு என்றால் கூலி வேலை என்று நாமே பிரித்து வைத்திருக்கிறோம்.

சி. கொண்டையராஜு (1898–1976) அப்படிப் பிரிக்கவில்லை. மயிலாப்பூரில் பிறந்து சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். சில காலம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் குழுவில் சேர்ந்து திரைச்சீலைகள் வரைந்தார். 1940களின் தொடக்கத்தில் அந்தக் குழு கோவில்பட்டியில் கலைந்தது. பிழைப்புப் போன ஊரிலேயே அவர் தங்கிவிட்டார். பக்கத்தில் சிவகாசி, அங்கே அச்சகங்கள் பெருகிக்கொண்டிருந்தன. கடைக்காரர்கள் வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுக்கும் காலண்டருக்குப் படம் தேவைப்பட்டது.

அவருடைய மீனாட்சி திருக்கல்யாணத்தையோ முருகனையோ பார்த்தால் நாடகமேடை தெரியும். தூண், வளைவு, தோட்டம் எல்லாம் பின்திரை. பாத்திரங்கள் முன்னால் நின்று நம்மையே பார்க்கும். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்று பழகிய கை, எட்டடி தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப்படத்துக்கும் பொருந்தியது.

பிரான்சில் இதே வழியில் வந்தவர் ஜூல் ஷெரே (1836–1932). அச்சுக்கோப்பவரின் மகன்; பதின்மூன்று வயதில் கல்லச்சுப் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தார். சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப்பசை மையால் வரைந்து, கல்லை நனைத்து, மேலே மை உருட்டினால் வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும், ஈரம் தள்ளிவிடும். எண்ணெயும் நீரும் சேராது என்ற அறிவியல் பாடம்தான். நிறத்துக்கு ஒரு கல் வைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவரொட்டிகளை அவர் உருவாக்கினார். தெருச் சுவரில் ஒட்டிய தாளுக்காக 1890இல் பிரெஞ்சு அரசு அவருக்கு உயரிய விருதான லெஜியன் ஆஃப் ஹானர் அளித்தது. நம் ஊர்க் காலண்டர் டிசம்பர் முடிந்ததும் கழற்றப்படும். படம் பிடித்துப்போனால் தேதித்தாள் போய், படம் மட்டும் சட்டம் போட்டுப் பூஜை அறைக்குப் போகும். என் கணக்கில் அதுவும் ஒரு விருதுதான்.

ஆசிரியர்களாகிய நமக்கு இன்னொன்று முக்கியம். கொண்டையராஜு திருமணம் செய்துகொள்ளவில்லை. அவரைச் சுற்றி இருந்தவர்கள் சீடர்கள். டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் முதலியோர் அவருடன் வேலை செய்தே கற்றவர்கள். பாடத்திட்டம் என்று எழுதி வைத்தது எதுவுமில்லை. வந்த ஆர்டரே பாடம். பல படங்களின் மூலையில் குரு பெயரும் சீடர் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். மாணவன் வரைந்ததைத் திருத்திவிட்டுத் தன் பெயரை மட்டும் போட்டுக்கொள்வது எளிது. அவர் பக்கத்தில் இடம் விட்டார்.

வகுப்பில் பழைய காலண்டர் படங்களைக் கொண்டுவரச் சொல்லலாம். எந்தச் சமயத்துப் படமானாலும், தலைவர் படமானாலும், இயற்கைக் காட்சியானாலும் சரி. சிவகாசி எல்லாவற்றையும் அச்சிட்டிருக்கிறது. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் மட்டுமே இருக்கும். பச்சை மயில் எங்கே போனது என்று பிள்ளைகளே கேட்பார்கள். அப்போது பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் பெற்றோர் ஒருவரை வகுப்புக்கு அழைக்கலாம். ஸ்கிரீன் சட்டம் ஒன்றைக் கையில் எடுத்து வந்தால் போதும். அரைநாள் கூலி போகாதபடி அவருக்கு வசதியான நேரத்தைக் கேட்டு அழையுங்கள். நிறம் விலகாமல் எப்படிப் பொருத்துகிறார் என்று அவர் காட்டும்போது, கரும்பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, வருகைப் பதிவேட்டில் உள்ள அவர் பிள்ளையை உதவிக்கு நிற்கச் சொல்லுங்கள்.