திசைதிருப்பும் விதியும் அதன் உடைமையும்

நமது இணைய வேண்டுகோள் நாம் நாடிய முகவரிக்கே நேரே செல்கின்றது என நம்புகின்றோம். அலுவலக ரவுட்டரின் தீச்சுவர் விதியொன்று இந்நம்பிக்கையைப் பொய்யாக்கலாம். 2001 இல் வெளிவந்த லினக்ஸ் 2.4 உடன் பரவிய ஐபிடேபிள்ஸ் இதற்குத் தக்க உதாரணம். 80 ஆம் இலக்க வாயிலை நோக்கிச் செல்லும் தரவுப்பொதிகளை, அவற்றின் வழி தீர்மானிக்கப்படுமுன்னரே, 3128 ஆம் வாயிலில் இயங்கும் ஸ்குவிட் என்னும் இடையாள் மென்பொருளிடம் அது திருப்பிவிடும். ஊழியர் இதனை உணரார்.

மறையாக்கம் பெற்ற 443 ஆம் வாயிற் போக்குவரத்தை இடையாள் பிரித்துப் படிக்க முயலின், சான்றிதழ் பொருந்தாமையால் உலாவி எச்சரிக்கும். ஆயின் நிறுவனம் தன் சான்றிதழை ஊழியரின் கணினியில் முன்கூட்டியே பதித்திருப்பின் பெரும்பாலும் அவ்வெச்சரிக்கையும் எழாது. எனவே, விதி எவ்வாறு இயங்குகின்றது என்பதோடு, அதனை எழுதும் அதிகாரம் எவர் கையிலுள்ளது என்பதையும் நாம் ஆராய்தல் வேண்டும்.