வானத்தில் விழுந்த படிக்கட்டு

கடந்த பள்ளி விடுமுறையில் என் அக்கா குடும்பத்தினர் போர்ட்டிக்சனுக்குப் போயிருந்தார்கள். மாலையில் மலாக்கா நீரிணையில் சூரியன் இறங்கும் காட்சியை அத்தான் தம் கைப்பேசியில் படம் எடுத்தார். அடிவானத்தில் ஆரஞ்சு, அதற்கு மேல் இளஞ்சிவப்பு, பிறகு ஊதா, உச்சியில் கருநீலம். ஒரு நிறம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று யாராலும் விரல் வைத்துச் சொல்ல முடியாத வானம். படிவம் மூன்றில் படிக்கும் அவர் மகள் அந்தப் படத்தைக் குறுஞ்செய்திச் செயலி வழியாக வாங்கித் தன் திறன்பேசியின் முகப்புப் படமாக வைத்துக்கொண்டாள்.

மறுநாள் என்னிடம் வந்து, "மாமா, ஸ்கிரீன் கெட்டுப் போச்சு" என்றாள். வாங்கிப் பார்த்தேன். வழுவழுப்பாக இருக்க வேண்டிய வானம் பட்டை பட்டையாகப் பிரிந்து, யாரோ படிக்கட்டு கட்டியதுபோல் இருந்தது. வீட்டருகே உள்ள கைப்பேசிக் கடையில் காட்டியிருக்கிறாள். திரையை மாற்ற வேண்டும், 350 ரிங்கிட் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் பணத்தை எடுத்துவிடலாமா என்பதுதான் அவள் கேள்வி.

"பணம் இருக்கட்டும். முதலில் அந்தப் படத்தைத் திறந்து இரண்டு விரலால் பெரிதாக்கு" என்றேன்.

பெரிதாக்கினாள். பட்டைகளும் சேர்ந்து பெரிதாயின. படத்தை நகர்த்தினாள், அவையும் நகர்ந்தன. திரையில் பழுது இருந்தால், கோடு கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். நீங்கள் எந்தப் படத்தைத் திறந்தாலும் அது அங்கேயே இருக்கும். படத்தோடு சேர்ந்து ஓடும் கோடு திரை உடைந்ததால் வந்த கோடு அல்ல. பிறகு எங்கிருந்து வந்தது?

பத்துமலையைவிடப் பதினாறு படி குறைவு

திறன்பேசித் திரையில் இருக்கும் ஒவ்வொரு படப்புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிற விளக்குகளின் கூட்டு. ஒவ்வொரு விளக்கும் எவ்வளவு ஒளிர வேண்டும் என்பதைக் கைப்பேசி ஓர் எண்ணாகச் சொல்கிறது. பெரும்பாலான படங்களில் அந்த எண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடம் எட்டு பிட். ஒரு பிட்டில் 0 அல்லது 1 மட்டுமே இருக்க முடியும். எட்டு இரண்டுகளைப் பெருக்கினால் 256. ஆக, முழு இருட்டிலிருந்து முழு வெளிச்சம்வரை ஒரு நிறத்துக்கு 0 முதல் 255 வரை 256 நிலைகள்தாம். 100 உண்டு, 101 உண்டு, நூறரை கிடையாது.

மூன்று நிறங்களின் நிலைகளையும் பெருக்கினால் 256 × 256 × 256, அதாவது 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 நிறங்கள். கைப்பேசி விளம்பரங்களில் 16.7 மில்லியன் நிறங்கள் என்று போடுவது இதைத்தான். கேட்பதற்குப் பெரிய எண். ஆனால் ஒரு மாலை வானத்துக்கு அத்தனை நிறமும் தேவைப்படுவதில்லை. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சில நிறங்களுக்கு இடையே மிக நுணுக்கமான படிகள்தாம் தேவை. அங்கேதான் பற்றாக்குறை வருகிறது.

பத்துமலை முருகன் கோயிலுக்கு ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே 272 படிகள். கீழே சிலைக்கு முன்னால், தூரத்தில் நின்று பார்த்தால் படிக்கட்டு ஒரு சாய்தளம்போல் தெரியும். ஏறத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொரு படியும் முழங்காலுக்குத் தெரியும். நம் திரையில் ஒரு நிறத்துக்கு இருப்பது அதைவிடப் பதினாறு படி குறைவு. அதிலும், படத்தில் உள்ள வானம் எல்லாப் படிகளிலும் ஏறுவதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். வானத்தின் ஒரு பகுதி திரையில் 1,200 படப்புள்ளி உயரத்துக்கு நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் அடியில் நீல நிறத்தின் நிலை 180; உச்சியில் 150. இடையே 30 படிகள்தாம். 1,200 ஐ 30 ஆல் வகுத்தால் ஒரு படிக்கு 40 படப்புள்ளி. ஓர் அங்குலத்தில் 400 படப்புள்ளிகள் உள்ள திரையில் அது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர். நாற்பது வரிசைகளும் அச்சு அசலாக ஒரே நிறம்; நாற்பத்தோராவது வரிசையில் ஒரு தாவல். இரண்டரை மில்லிமீட்டர் பட்டையைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி எதுவும் வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதைவிடக் கூர்மையான, இரண்டு மடங்கு படப்புள்ளிகள் கொண்ட திரையை வாங்கினாலும் இந்தப் படி மறையாது. அதே 30 படிகள், ஒவ்வொன்றுக்கும் 80 படப்புள்ளி. பட்டையின் அகலம் அதே இரண்டரை மில்லிமீட்டர்தான். படப்புள்ளிகளின் எண்ணிக்கை வேறு, நிலைகளின் எண்ணிக்கை வேறு. கடைகளில் பேசும்போது இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள்.

படிகள் எல்லாம் ஒரே உயரம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் கண் ஒளியின் அளவைவிட ஒளியின் விகிதத்தையே உணர்கிறது. நல்ல வெளிச்சத்தில் ஏறக்குறைய 1 விழுக்காடு வேறுபாட்டைக்கூடப் பிடித்துவிடும். அதனால் 1996 இல் முன்வைக்கப்பட்டு இன்றும் பெரும்பாலான திரைகள் பின்பற்றும் எஸ்ஆர்ஜிபி என்ற நிறத் தரத்தில், இருண்ட பக்கத்தில் சிறிய படிகளும் வெளிச்சப் பக்கத்தில் பெரிய படிகளும் வைக்கப்பட்டுள்ளன. அப்படியும் 150 ஆம் நிலைக்கும் 151 க்கும் இடையே ஒளி ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடு கூடுகிறது. 30 க்கும் 31 க்கும் இடையே ஐந்தரை விழுக்காடு. படத்தின் இருண்ட மூலைகளிலும், திகில் படங்களின் இரவுக் காட்சிகளிலும் பட்டைகள் அதிகம் கண்ணில் படுவதற்கு இதுவே காரணம்.

குற்றத்தில் கண்ணுக்கும் பங்கு

ஒன்றரை விழுக்காடு என்பது கண்ணின் எல்லையை ஒட்டிய, மிகச் சிறிய தாவல். அது ஏன் இவ்வளவு பளிச்சென்று கோடாகத் தெரிய வேண்டும்?

ஒலியின் வேகத்தைப்போல் இருமடங்கு வேகத்தில் பறக்கும் விமானத்தை மாக் 2 என்கிறோமே, அந்தப் பெயருக்கு உரியவர் ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக். 1865 இல் அவர் ஒரு விந்தையை விவரித்தார். வெளிச்சமான பகுதியும் இருண்ட பகுதியும் சந்திக்கும் இடத்தில், வெளிச்சப் பக்கம் எல்லையோரமாக இன்னும் வெளிச்சமாகவும், இருண்ட பக்கம் இன்னும் இருட்டாகவும் தெரிகிறது. கருவி வைத்து அளந்தால் அப்படி எதுவும் இல்லை. பார்ப்பவரின் கண்ணிலும் மூளையிலும்தான் அந்தக் கோடு இருக்கிறது.

இதன் காரணத்தைப் புரிந்துகொள்ள உதவிய உயிரினம் நம் வட்டாரத்திலும் உண்டு. மலாயில் பெலாங்காஸ் என்று அழைக்கப்படும் குதிரைலாட நண்டுதான் அது. சிங்கப்பூரின் கிராஞ்சி சேற்றுக்கரையில் இதன் உறவினங்களைப் பார்க்கலாம். அமெரிக்கக் கடற்கரையில் வாழும் வகையின் கண் நரம்புகளை ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அதன் கண்ணில் உள்ள ஒவ்வோர் ஒளி உணரியும் தான் கண்ட ஒளியை நரம்பு வழியே அனுப்புவதோடு நிற்பதில்லை. பக்கத்தில் இருக்கும் உணரிகளின் குரலையும் சற்று அடக்குகிறது என்று அவர் கண்டறிந்தார். 1967 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை அவர் இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

இப்போது நம் படிக்கட்டுக்கு வாருங்கள். ஒரு படியின் நடுவில் இருக்கும் உணரிக்கு இரு பக்கமும் ஒரே வெளிச்சம்; இரு பக்கமிருந்தும் ஒரே அளவு அடக்கல். எல்லையோரம், வெளிச்சப் பக்கத்தில் இருப்பதற்கு ஒரு பக்கத்து அண்டை வீட்டார் மங்கலானவர்கள். அவர்கள் அடக்குவது குறைவு, எனவே இதன் குரல் ஓங்குகிறது. இருண்ட பக்கத்தில் இருப்பதற்கு அண்டை வீட்டார் பிரகாசமானவர்கள். எனவே இதன் குரல் இன்னும் தாழ்கிறது. சிறிய தாவல் பெரிய தாவலாக மூளைக்குப் போய்ச் சேர்கிறது. மனிதப் பார்வையில் இது இன்னும் சிக்கலானது என்றாலும், அடிப்படை இதுதான். பொருளின் ஓரத்தைச் சட்டென்று கண்டுபிடிக்க உதவும் ஏற்பாடு, திரைக்கு முன்னால் நமக்கே தொல்லையாக முடிகிறது.

நீங்களே சோதிக்கலாம். ஒரு தாளில் மெல்லிய துளை போட்டு, பட்டைகள் விழுந்த படத்தின் மேல் வைத்து, ஒரே ஒரு பட்டை மட்டும் தெரியும்படி பாருங்கள். ஓரத்தில் தெரிந்த அந்தப் பளபளப்பு காணாமல் போகும்.

அத்தான் கைப்பேசியில் ஏன் இல்லை?

என் மருமகள் கெட்டிக்காரி. "அப்பா போன்லயும் அதே 256 தானே? அதில் ஏன் படி தெரியவில்லை?" என்று கேட்டாள். சரியான கேள்வி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மூலப் படம் 3 மெகாபைட்டுக்கு மேல். அவளுக்கு வந்து சேர்ந்தது 200 கிலோபைட்டுக்கும் கீழே. செயலி அனுப்பும்போதே படத்தைச் சுருக்கியிருக்கிறது.

ஜேபெக் முறையில் சுருக்கும்போது, படம் எட்டுக்கு எட்டுப் படப்புள்ளி கொண்ட சிறு கட்டங்களாக வெட்டப்படுகிறது. கட்டத்துக்குள் இருக்கும் மிக மெல்லிய மாற்றங்கள், கண்ணுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில் பூச்சியமாக்கப்படும். முடியையும் இலையையும் பொறுத்தவரை அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரி. வானமோ முழுக்க முழுக்க மெல்லிய மாற்றங்களால் ஆனது. சுருக்கம் கடுமையாக இருந்தால் ஒவ்வொரு கட்டமும் ஒரே நிற ஓடாகிவிடும். இரண்டு மூன்று நிலைகள் ஒன்றாகச் சேர்ந்து படியின் உயரமும் கூடிவிடும்.

இதோடு இன்னொரு பொருளும் தொலைந்துபோனது. அத்தானின் மூலப் படத்தை மிகப் பெரிதாக்கிப் பார்த்தபோது வானம் சுத்தமாக இல்லை. மணல் தூவியதுபோல் நுண்ணிய இரைச்சல். கேமரா உணரியில் இயல்பாக வரும் கறை அது. பார்த்தால் குறைதான். ஆனால் அந்தக் குறைதான் படிகளை மறைத்துக்கொண்டிருந்தது.

எப்படி? 150 க்கும் 151 க்கும் நடுவில் ஒரு நிறம் வேண்டும். அந்த எண் இல்லை. பாதிப் புள்ளிகளுக்கு 150, மீதிப் பாதிக்கு 151 கொடுத்துக் கலைத்துப் போட்டால், தள்ளி நின்று பார்க்கும் கண் அவற்றைக் கலந்து நூற்று ஐம்பதரை என்று எடுத்துக்கொள்ளும். நான்கில் ஒன்றுக்கு மட்டும் 151 கொடுத்தால் நூற்று ஐம்பதே கால். எல்லை என்ற ஒன்றே இல்லாததால் கண்ணுக்குக் கோடு வரைய இடமில்லை. அமெரிக்காவில் லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1962 இலேயே, படத்தில் வேண்டுமென்றே இரைச்சலைக் கலந்தால் மிகக் குறைந்த நிலைகளைக் கொண்டே ஏற்கத்தக்க படத்தைக் காட்டலாம் என்று எழுதினார். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டை உருவாக்கியவர்களில் ஒருவரும் இவரே. உங்கள் கையில் இருக்கும் இந்த நாளிதழின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். சாம்பல் நிற மை எங்கும் இருக்காது. கறுப்புப் புள்ளிகளும் வெள்ளைத் தாளும்தான். அதே தந்திரம், திரைக்கு முந்திய வடிவம்.

விலை குறைந்த திரைகள் சிலவற்றில் இதை நேரத்தில் செய்கிறார்கள். ஒரு நிறத்துக்கு 64 நிலைகள் மட்டுமே காட்டக்கூடிய திரை, இரண்டு நிலைகளுக்கு இடையே வேகமாக மாறி மாறி ஒளிர்ந்து நடுவிலுள்ள நிறத்தைக் காட்டும். புதிய கைப்பேசிகள் சிலவற்றில் ஒரு நிறத்துக்குப் பத்து பிட், அதாவது 1,024 நிலைகள். பழைய ஒரு படி இருந்த இடத்தில் நான்கு சிறு படிகள். ஆனால் திரை மட்டும் பத்து பிட்டாக இருந்தால் போதாது. படமும் அப்படிப் பதிவாகியிருக்க வேண்டும். எட்டு பிட் ஜேபெக் படத்தைப் பத்து பிட் திரையில் திறப்பது, சிறிய குவளை நீரைப் பெரிய குடத்தில் ஊற்றுவதுபோல்தான்.

அத்தான் அதே படத்தைப் புகைப்படமாக இல்லாமல் ஆவணமாக மறுபடி அனுப்பினார். சுருக்கம் இல்லாமல் முழுக் கோப்பும் வந்தது. வானம் வழுவழுப்பாகிவிட்டது. இரவில் மட்டும் உச்சியில், கருநீலத்தில், மூன்று நான்கு பட்டைகள் திரும்ப வந்தன. அவள் கைப்பேசியில் இரவானதும் நீல ஒளியைக் குறைக்கும் வசதி தானாக இயங்குகிறது. 0 முதல் 255 வரை இருந்த நீலத்தை 160 க்குள் அடக்கினால், 256 படிகள் 161 படிகளில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். சில படிகள் பக்கத்துப் படியோடு ஒட்டிக்கொள்ளும். அதை நிறுத்தியதும் பட்டைகள் ஏறக்குறைய மறைந்தன.

அங்பாவ் உறை இன்னும் பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது. தொல்லை வேறு விதமாக வந்திருப்பதாக அக்கா சொல்கிறார். தொலைக்காட்சியில் எந்தப் படம் ஓடினாலும், இருட்டுக் காட்சி வந்ததும் மகள் எழுந்து போய்த் திரைக்கு முன்னால் நின்று படிகளை எண்ணத் தொடங்கிவிடுகிறாளாம்.