ஆய்வாளருக்கு ஓர் ஆண்டு அவகாசம்

ஐக்கிய அமெரிக்க நாட்டின் 2020-ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி, அங்கு வாழும் லத்தீனோ மக்கள் ஏறத்தாழ 6 கோடியே 21 இலட்சம் பேர். அதாவது ஐவரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா முதலிய இலத்தீன் அமெரிக்க மண்ணைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் இவர்கள். கத்தோலிக்க மரபு இவர்களிடையே ஆழ வேரூன்றியது. 1966-இல் கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் உரிமைக்காக டெலானோவிலிருந்து சாக்ரமெண்டோ வரை நடந்தபோது, குவாதலூப்பே அன்னையின் கொடியை ஏந்திச் சென்று, உயிர்ப்பு ஞாயிறன்று அத்தலைநகரை அடைந்தனர்.

இம்மக்களின் வரலாற்றை எழுதுவோர் யார்? அவர்களுடைய பிள்ளைகளுக்கு அதைக் கற்பிப்போர் யார்? நெடுங்காலம் பாடநூல்களில் அவர்களுக்குரிய இடம் கிடைக்கவில்லை. 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்புகளை விட்டு வெளியேறினர். தங்கள் முன்னோரின் வரலாறு கற்பிக்கப்பட வேண்டும், தங்கள் இனத்து ஆசிரியர்கள் அமர்த்தப்பட வேண்டும் என்பன அவர்களுடைய கோரிக்கைகளுள் சில. அவ்வாண்டிலேயே அந்நகரிலுள்ள கலிபோர்னிய அரசுப் பல்கலைக்கழகத்தில் மெக்சிகோ வழியினரைப் பற்றிய கல்வித்துறை தோன்றிற்று. 1970-இல் ஆஸ்டின் நகரின் டெக்சஸ் பல்கலைக்கழகத்திலும் அத்தகைய மையம் எழுந்தது. 1973-இல் நியூயார்க்கில் போர்ட்டோ ரிக்கோ மக்களைப் பற்றிய ஆய்வு மையம் அமைந்தது. துறை பிறந்தது, ஆனால் ஆசிரியர்கள் வேண்டுமே!

வழி திறந்த ஒருவர்

இங்கு ஹூலியன் சமோரா என்னும் சமூகவியல் அறிஞரை நினைவுகூர்வது தகும். 1920-இல் கொலராடோ மாநிலத்தின் பகோசா ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். கல்லூரி மாணவர் தலைவர் தேர்தலில் ஒரே வாக்கில் தோற்றார். மெக்சிகன் ஒருவருக்கு வாக்களிக்கத் தமக்கு மனம் வரவில்லை என்று அவருடைய அறைத் தோழரே கூறினாராம். எனினும் சமோரா தளரவில்லை. 1953-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1959-இல் இந்தியானா மாநிலத்திலுள்ள நோட்டர் டேம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1971 முதல் 1985 வரை அங்கு மெக்சிகோ வழி மாணவர்களுக்கான உயர்கல்வித் திட்டத்தை நடத்தி, ஐம்பதுக்கும் மேற்பட்டோரை ஆளாக்கினார். தாம் ஏறிய ஏணியை அவர் எடுத்துவிடவில்லை. பின்வருவோருக்காக ஊன்றி நிறுத்தினார். 1999-இல் அதே பல்கலைக்கழகத்தில் லத்தீனோ ஆய்வு நிறுவனம் ஒன்றும் தோன்றியது.

பட்டத்திற்குப் பின்

டாக்டர் பட்டம் பெற்றதும் பேராசிரியர் பதவி காத்திருப்பதில்லை. பட்டத்திற்கும் பதவிக்கும் இடையே ஓர் ஆற்றைக் கடக்க வேண்டியுள்ளது. அதைக் கடக்க உதவும் தோணியே ‘போஸ்ட் டாக்’ எனப்படும் ஆய்வுப் பணி. பெரும்பாலும் ஓராண்டோ ஈராண்டோ நீடிக்கும் இப்பணியில் ஊதியம் உண்டு. நூலகமும் ஆவணக் காப்பகமும் திறந்திருக்கும். மூத்த அறிஞர் ஒருவரின் வழிகாட்டலும் கிட்டும். பல இடங்களில் ஆண்டுக்கு ஓரிரு பாடங்களைக் கற்பித்தால் போதும். எஞ்சிய நேரத்தில் ஆய்வேட்டைத் திருத்தி நூலாக்கலாம். கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1984-இல் தொடங்கிய ஆய்வு நல்கைத் திட்டம், பெண்களையும் சிறுபான்மையினரையும் பேராசிரியர் பதவிக்கு ஆயத்தம் செய்யவே எழுந்தது.

விண்ணப்பிப்போர் பொதுவாக ஆய்வுத் திட்டம், எழுதிய கட்டுரை ஒன்று, கற்பிக்கும் முறை பற்றிய குறிப்பு, பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றை அனுப்ப வேண்டும். இத்துறைக்கு ஸ்பானிய மொழியறிவு பெருந்துணை. எழுத்தறியாத கூலித் தொழிலாளரின் வரலாற்றைத் தேடுவோருக்குப் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடும் திருமணப் பதிவேடும் அரிய சான்றுகளாகின்றன. எளியோரின் பெயர்களைக் காலத்திற்கும் காத்து வைத்த ஏடுகள் அல்லவா அவை!

இதில் இடர் இல்லாமல் இல்லை. இடங்கள் சில, விண்ணப்பங்களோ பல. தவணை முடிந்ததும் வேறு நகருக்குப் பெட்டி கட்ட நேரும்; கணவன் ஓரூரிலும் மனைவி வேறூரிலுமாக வாழ நேரும். பேராசிரியர் பணி கிட்டிய பின்னரும் ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் நூலும் கட்டுரையும் பரிசீலிக்கப்படும். தேறினால்தான் பணி நிலைக்கும். ஆகவேதான் தொடக்கத்தில் கிடைக்கும் அந்த ஓராண்டு அவகாசம் விலைமதிப்பற்றதாகிறது. வீட்டில் சேமிப்பு உள்ளவர் ஊதியமின்றியும் எழுதக்கூடும். தோட்டத் தொழிலாளியின் மகள் அவ்வாறு செய்ய இயலுமா? நல்கை இல்லையேல் அவளுடைய நூல் எழுதப்படாமலே போகும். அவளுடைய மக்களின் கதையும் சொல்லப்படாமலே போகும்.

பெற்றோர்களே! இத்தகைய ஆய்வாளர்கள் பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதல் பல்கலைக்கழக வாயிலை மிதித்தவர்கள். “இத்தனை ஆண்டு படித்தும் இன்னும் முடியவில்லையா?” என்ற கேள்வி அவர்களுடைய இல்லங்களிலும் எழுவதுண்டு, நம் இல்லங்களிலும் எழுவதுண்டு. அக்கேள்வி அன்பில் பிறந்ததே. ஆயினும் பட்டத்திற்குப் பின்வரும் அவ்வாண்டுகள் படிப்பின் நீட்சியல்ல, உழைப்பின் தொடக்கம். விதைத்தவன் கதிருக்குக் காத்திருப்பது போல் நாமும் சற்றுப் பொறுத்திருப்போமாக. பிள்ளைக்கு நாம் தரக்கூடிய நல்கை அதுவே.